கடையில் கிடந்த கைபேசி யாருடையது?

பெருநாள் வியாபாரம் சூடுபிடிக்கும் நாட்களில், எங்கள் புடவைக் கடையில் யாராவது ஒருவர் கையடக்கத் தொலைபேசியை மறந்து வைத்துவிட்டுப் போவது வழக்கம். உங்கள் கடைகளிலும் இப்படி நடந்திருக்கும். இதைச் சின்ன விடயமாக எண்ணாதீர்கள். ஒரு சிறு வியாபாரியின் கடன் கணக்கு, வங்கி அலுவல், சரக்குத் தருபவரின் இலக்கம் எல்லாம் இன்று அதற்குள்தான் இருக்கின்றன. போன் தொலைந்தால் அவருடைய தொழிலே சில நாட்கள் முடங்கிவிடும்.

கண்டெடுத்த பொருளை மார்க்கச் சட்டம் 'லுகதா' என்கிறது. அதன் பையையும் கட்டிய கயிற்றையும் அடையாளம் பார்த்து வைத்துக்கொண்டு, ஒரு வருடம் அறிவிக்க வேண்டும் என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் உள்ளது. உரியவரைத் தேட வழியிருந்தும் தேடாமல் பொருளைத் தனதாக்கிக் கொள்வது நாட்டுச் சட்டத்திலும் குற்றமே. இனி நடைமுறைக்கு வருவோம்.

1. போனை நிறுத்த வேண்டாம், சிம்மைக் கழற்ற வேண்டாம். சார்ஜ் குறைந்திருந்தால் ஏற்றுங்கள். தொலைத்தவர் முதலில் தன் இலக்கத்துக்குத்தான் அழைப்பார். பூட்டியிருக்கும் போனிலும் வரும் அழைப்பை எடுக்கலாம். மணி ஒலிக்காத நிலையில் இருக்கக்கூடும் என்பதால், லாச்சிக்குள் போடாமல் கண்ணில் படும்படி வையுங்கள்.

2. அழைப்பு வரவில்லையா? பூட்டுத் திரையில் அவசர அழைப்புக்கான இடத்தைத் தொட்டுப் பாருங்கள். உரிமையாளர் முன்பே பதிந்திருந்தால், அங்கே வீட்டாரின் இலக்கம் கிடைக்கும். கடவுச்சொல்லை ஊகித்துத் திறக்க முயலாதீர்கள். அது பிறர் அந்தரங்கம்.

3. அடையாளத்தை வெளியே சொல்லாதீர்கள். 'ஒரு போன் கிடைத்துள்ளது' என்பதோடு அறிவிப்பை நிறுத்துங்கள். நிறத்தையும் வகையையும் எழுதிவிட்டால் யாரும் உரிமை கோரலாம். கேட்டு வருபவரிடம் உறை எப்படி, திரையில் என்ன படம், எங்கே கீறல் என்று கேளுங்கள். கடைசியாக, உங்கள் முன்னிலையில் அவரே பூட்டைத் திறக்கட்டும். பையும் கயிறும் கற்றுத்தரும் பாடம் இதுதான்.

4. கிடைத்த திகதி, நேரம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றைக் கொப்பியில் எழுதுங்கள். ஓரிரு நாளில் எவரும் வராவிட்டால் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்து, பதிவு செய்துகொள்ளுங்கள். 'பூட்டை உடைத்துத் தருகிறேன்' என்பவரிடம் கொடுத்து வம்பில் மாட்ட வேண்டாம்.

நம் போன் தொலைந்தால்? *#06# என்று அழுத்தினால் 15 இலக்கங்கள் கொண்ட ஐ.எம்.ஈ.ஐ. எண் தெரியும். இரண்டு சிம் போடும் போனில் இரண்டு எண்கள் இருக்கும். பொலிஸ் முறைப்பாட்டுக்கு அவை தேவை. பூட்டுத் திரையில் கடை இலக்கத்தை எழுதி வைக்கலாம். கூகுள், ஆப்பிள் நிறுவனங்களின் 'போனைக் கண்டுபிடிக்கும்' வசதியை இயக்கி வைத்தால், வேறு போனிலிருந்து அதை ஒலிக்கச் செய்யலாம், பூட்டலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். மறதியில் எங்காவது வைத்திருந்தால், சிம்மைத் துண்டிக்க முன் அந்த இலக்கத்துக்கு அழைத்துப் பாருங்கள். அவசரப்பட்டுத் துண்டித்தால், கண்டெடுத்த நல்ல மனிதருக்கும் உங்கள் அழைப்பு போய்ச் சேராது. திருட்டென்று தெரிந்தால் தாமதம் வேண்டாம். சிம்மை நிறுத்தி, வங்கிக்கும் அறிவியுங்கள்.

இன்றிரவு கடை பூட்டுமுன் அந்த எண்ணைக் கணக்குப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். அப்படியே கடைப் பையன்களுக்கும் இந்த 4 விடயங்களைச் சொல்லிக் கொடுங்கள். தொலைத்த போனைத் திரும்பப் பெற்றவர், அந்தக் கடையின் நாணயத்தைப் பத்துப் பேரிடம் சொல்லாமல் இருக்கமாட்டார்.