போர்த்துகல் வீட்டில் ஒரு 'நீங்கள்' பாடம்

நண்பர்களே, போன வருடம் வரை உங்களோடு அதே கேன்டீன் டீயைக் குடித்துக் கொண்டிருந்தவன்தான் நான். செராமிக் டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்த கம்பெனி, சூளைப் பயிற்சிக்காக என்னை நான்கு மாதம் போர்த்துகலுக்கு அனுப்பியது. ஊர் அவெய்ரோ, லிஸ்பனிலிருந்து போர்ட்டோ போகும் ரயில் பாதையில் இருக்கிறது. பழைய ஸ்டேஷன் கட்டிடச் சுவரில் நீலமும் வெள்ளையுமாக டைல்ஸ் ஓவியங்கள். பக்கத்து ஊரில் 1824-ல் தொடங்கிய விஸ்தா அலெக்ரே பீங்கான் தொழிற்சாலை. நம்ம பிராஞ்ச் பசங்களுக்கு அது கோயில் மாதிரி. ஆனால் மலர்க் குழுவினர் கேட்டது சூளையைப் பற்றி அல்ல, பாஷையைப் பற்றி. அதையே எழுதுகிறேன்.

தங்கியது பென்ஷனில் தனியாக வாழும் ஓர் அம்மாள் வீட்டில். எழுபது வயதிருக்கும். அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. முதல் நாள் மாலை வீட்டைச் சுற்றிக் காட்டினார். கையில் கொடுத்தது 'ஷாவ்' - நம் சாவி. திறந்து காட்டியது 'ஜனேலா' - ஜன்னல். துணி வைக்க 'அர்மாரியு', சாப்பிட 'மேஸா'. அலமாரி, மேசை! அடடா, பாதி பாஷை ஏற்கெனவே நமக்குத் தெரியுமே என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். 1554-லேயே லிஸ்பனில், தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டு போர்த்துகீசியப் பொருளும் போட்ட ஒரு ஜெபப் புத்தகம் வந்திருக்கிறது. அந்தப் பழைய உறவை நினைத்துக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

மறுநாள் காலையே கர்வம் போய்விட்டது. அவர்கள் உயிரெழுத்துகளைப் பாதி விழுங்கிவிடுகிறார்கள். சொல் கடைசியில் வரும் 'ஸ்', 'ஷ்' ஆகிவிடுகிறது. ரொட்டிக்கு 'பௌங்' மாதிரி மூக்கால் சொல்ல வேண்டும் (பாவ் பாஜியில் உள்ள பாவ் இதுதான்). மூக்கை விட்டுவிட்டு வெறும் 'பாவ்' என்றால் கட்டை என்று அர்த்தம். பேக்கரியில் ஒரு வாரம் நான் தினமும் இரண்டு கட்டை கேட்டிருக்கிறேன். சிரிக்காமல் ரொட்டி கொடுத்தார்கள், நல்லவர்கள்.

நமக்குச் சாதகமான எழுத்தும் உண்டு. 'ஞ'. வட இந்திய நண்பர் ஒருவர் திணறிய இடத்தில் நான் சுலபமாகத் தாண்டினேன். நாளைக்கு என்பதற்கு 'அமஞா'. ஞாயிறு சொல்லத் தெரிந்த வாய்க்கு இது ஒரு கஷ்டமா?

கிழமைகளில் ஜாக்கிரதை. திங்கட்கிழமைக்குப் பெயர் 'இரண்டாவது', ஞாயிறிலிருந்து எண்ணுகிறார்கள். சூளை ஏற்றும் பாடம் 'குவார்த்தா', அதாவது நாலாவது நாள் என்றார்கள். நான் திங்களிலிருந்து எண்ணி வியாழக்கிழமை போய் நின்றேன். புதனன்றே சூளையை மூடிவிட்டார்கள்.

இனி முக்கியமான விஷயம். இரண்டாவது வாரத்திலிருந்து அந்த அம்மாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சூப்பை வைப்பார், போய்விடுவார். காரணம் எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன். அங்கே குளிக்க வெந்நீர் காஸ் சிலிண்டரில்தான் போடுகிறது. நவம்பர் குளிர், வீட்டுக்குள்ளும் சில்லென்று ஈரமாக இருக்கும். நான் நம்ம ஊர் வழக்கப்படி இரண்டு வேளை குளித்தேன். சிலிண்டர் தீர்ந்தது. பென்ஷன்காரர் பாவம் என்று குளியலை ஐந்து நிமிடமாகக் குறைத்தேன். ஒரு சிலிண்டர் பணத்தை மேசை மேல் வைத்து, 'நீங்கள் எடுத்துக் கொள்ளுங்கள்' என்று படித்த பாஷையில் சொன்னேன். முகம் இன்னும் இறுகியது. பணம் அங்கேயே கிடந்தது. ராத்திரி பெட்டியைக் கட்டி வேறு ரூம் பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன்.

தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "அவரிடம் என்ன வார்த்தை சொன்னாய்?" என்றார். "வொசே." அவர் தலையில் கை வைத்துக் கொண்டார்.

நான் படித்தது போன் ஆப்பில். போர்த்துகீசியம் பேசும் 20 கோடிக்கும் மேற்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பிரேசில்காரர்கள். ஆப்பும் அவர்கள் பேச்சுதான். அங்கே 'வொசே' சாதாரணம். 'து' என்றால் நீ, 'வொசே' என்றால் நீங்கள் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஆனால் போர்த்துகலில் பெரியவர்களை நேராக 'வொசே' என்பது மட்டு மரியாதை இல்லாத பேச்சு. "'வொசே' என்பது குதிரை லாயம்" என்று குழந்தைகளைக் கண்டிக்க ஒரு பழமொழியே உண்டாம். மரியாதைக்கு 'ஆ ஸிஞோரா', அதாவது 'அம்மா'. படர்க்கையில் பேச வேண்டும். நாம் "அம்மா என்ன சொல்றாங்க?" என்று எதிரே நிற்பவரிடமே கேட்பதில்லையா, அதே வழிதான். வினைச்சொல் மாறாது: 'வொசே கேர்', 'ஆ ஸிஞோரா கேர்', இரண்டுக்கும் ஒரே 'கேர்'. சந்தேகம் வந்தால் 'வொசே'யை விழுங்கிவிட்டு 'கேர் ஷா?' (டீ வேண்டுமா?) என்று மட்டும் கேளுங்கள். தப்பே வராது. எனக்குத்தான் இது ஆறு வாரம் கழித்துத் தெரிந்தது. காஸை மட்டும் கணக்குப் போட்டேனே!

அன்றிரவு சூப் வந்ததும் எழுந்து நின்றேன். மனப்பாடம் செய்து வந்த வாக்கியம் பாதியில் மறந்துவிட்டது. 'ஆ ஸிஞோரா...' என்றேன், 'மன்னிக்கணும்' என்றேன், அவ்வளவுதான். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கரண்டியை எடுத்து, 'ஊ மினீனு கேர் மைஷ் சோப்பா?' என்றார். பையனுக்கு இன்னும் சூப் வேணுமா? என்னையும் படர்க்கைக்கு மாற்றிவிட்டார்!

மூன்று தட்டு குடித்தேன். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது, அந்த சிலிண்டர் பணம் நாலாக மடித்து என் சப்பாத்துக்குள் இருந்தது. சப்பாத்தும் அவர்கள் கொடுத்த சொல்தான்.