கணிப்பொறி நிரல்களின் சோதனையும் பிழைதிருத்தமும்

ஊதியப் பட்டியல், ஓய்வூதியம், வங்கிக் கணக்கு, இரயில் முன்பதிவு போன்ற பணிகள் இன்று கணிப்பொறி வாயிலாகவே நடைபெறுகின்றன. கணிப்பொறி, நிரலில் எழுதப்பட்ட ஆணைகளை எழுதியவாறே நிறைவேற்றும். ஆணை தவறாயின், அத்தவறு ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான கணக்குகளில் புகுந்துவிடும்.

இரு வேறு பணிகள்

பிழை உண்டா என்று கண்டறிவது சோதனை. அது எங்கே, எதனால் நேர்ந்தது என ஆராய்ந்து நீக்குவது பிழைதிருத்தம்.

ஓர் எளிய எடுத்துக்காட்டைக் காணலாம். 4ஆல் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு என்று மட்டும் கூறும் நிரல் ஒன்று உள்ளது. 1984, 1985 ஆகிய ஆண்டுகளுக்கு அது சரியான விடையே தரும். ஆனால் 1900ஆம் ஆண்டையும் லீப் ஆண்டு எனக் காட்டிவிடும், அது தவறு. இதைத் திருத்த முற்படுபவர், 100ஆல் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு அன்று என்னும் விதியைச் சேர்க்கிறார். 1900 சரியாகிவிடுகிறது, அதுவரை சரியாக இருந்த 2000 தவறாகிவிடுகிறது. 400ஆல் வகுபடும் நூற்றாண்டு லீப் ஆண்டே என்னும் விதி விடுபட்டதே காரணம்.

இதிலிருந்து இரு பாடங்கள் பெறப்படுகின்றன. வழக்கமான விவரங்களோடு விதிவிலக்கான விவரங்களையும் கொடுத்துச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு திருத்தத்திற்குப் பின்னரும் பழைய சோதனைகள் அனைத்தையும் மீண்டும் நடத்த வேண்டும்.

பிரிட்டனின் அனுபவம்

பிரிட்டிஷ் அஞ்சல் நிலையங்களில் 1999 முதல் ‘ஹொரைசன்’ என்னும் கணக்கு முறை நிறுவப்பட்டது. பல கிளைகளில், இல்லாத பணக்குறைவை அது காட்டியது. கிளை நடத்துவோர் அத்தொகையைத் தம் கையிலிருந்து ஈடுசெய்ய நேர்ந்தது. முறையிட்ட பலரிடம், வேறு எவருக்கும் இக்குறை இல்லை என்றே கூறப்பட்டது. 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். சிலர் சிறையும் சென்றனர். 555 பேர் கூட்டாகத் தொடுத்த வழக்கில், அம்முறையில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 மே மாதத்தில் தண்டனைகளை நீக்கத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

நிரலில் பிழை நேர்வது இயல்பு. அப்பிழையை ஏற்க மறுத்து, பயன்படுத்தியோர் மீது பழி சுமத்தியதே பெருந்தீங்காயிற்று.

அலுவலகங்களின் கடமை

எதிர்பார்க்கும் விடைகளைக் கையால் கணக்கிட்டு முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். நிரல் தந்த விடையைப் பார்த்தபின் எழுதினால் அது சோதனையாகாது. புதிய முறையும் பழைய முறையும் சில மாதங்கள் இணையாக இயங்கி, இரண்டின் முடிவுகளும் ஒப்பிடப்பட வேண்டும். நிரலை எழுதியவரல்லாத பிறிதொருவர் சோதிப்பது நலம். எழுதியவர் தாம் கருதியதையே காண்பார். பயனாளிகளின் முறையீடுகளை நாளும் நேரமும் குறித்துப் பதிவு செய்து, எல்லா அலுவலகங்களின் பதிவுகளையும் ஓரிடத்தில் தொகுத்துப் பார்க்க வேண்டும். தனித்தனியே புறக்கணிக்கப்படும் முறையீடுகள், ஒன்றுசேர்த்துப் பார்க்கும்போது பிழையின் இடத்தைக் காட்டக்கூடும்.

சோதனை எத்துணை விரிவாயினும், எஞ்சிய பிழை எதுவுமில்லை என்று மெய்ப்பிக்க இயலாது. ஆதலால், கணிப்பொறியின் கணக்கும் குடிமகனின் சொல்லும் மாறுபடும்போது, இரண்டையுமே ஆய்வுக்கு உட்படுத்துவதே நேர்மையான நிர்வாகத்தின் இலக்கணமாகும்.