நெல் வயலின் நுண்ணுயிர்களும் தட்பவெப்ப மாற்றமும்

நெல் உற்பத்தியைப் பற்றி ஆராயும்போது விதை, நீர், உரம் ஆகியவையே முதலில் கருதப்படுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களின் பங்கும் இதில் பெரிதாகும். பயிருக்கு ஊட்டமளிப்பவையும், புவி வெப்பத்தை மிகுவிப்பவையும் ஒரே வயலில் வாழ்கின்றன.

ஊட்டமளிக்கும் பாசி

தேங்கிய நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்தி மண்ணுக்குத் தழைச்சத்தாக வழங்குகின்றன. நெல் வயல்களில் இவை ஆற்றும் பணியைப் பற்றிய ஆய்வை இந்திய அறிஞர் பி. கே. டே 1939-ல் வெளியிட்டார். உவர் நிலங்களைச் சீர்திருத்தவும் இவை உதவும் என்பதைப் பேராசிரியர் ஆர். என். சிங் 1950-ல் எடுத்துரைத்தார்.

மீதேன் தோன்றும் விதம்

நீர் தொடர்ந்து தேங்கினால் மண்ணில் பிராணவாயு தீர்ந்துவிடுகிறது. அந்நிலையில் சிலவகை நுண்ணுயிர்கள் மக்கும் பொருள்களிலிருந்து மீதேன் வாயுவை உண்டாக்குகின்றன. அதன் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டு வழியாகவே காற்றை அடைகிறது. வேரருகே வாழும் வேறு நுண்ணுயிர்கள் ஒரு பகுதியை உட்கொண்டு குறைக்கின்றன. மண்ணின் வெப்பம் உயர்ந்தால் மீதேன் உற்பத்தியும் விரைவடைகிறது.

அளவீட்டின் அவசியம்

இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்குச் சுமார் 3.8 கோடி டன் மீதேனை வெளியிடுவதாக ஒரு வெளிநாட்டு மதிப்பீடு கூறியது. 1991-ல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஒருங்கிணைப்பில் நம் வயல்களிலேயே அளவீடுகள் நடைபெற்றன. கிடைத்த அளவோ சுமார் 40 லட்சம் டன் மட்டுமே. உலக அரங்கில் நாட்டின் பொறுப்பு கணிக்கப்படும்போது, சொந்த அளவீடு எத்துணை இன்றியமையாதது என்பதை இது உணர்த்திற்று.

நீர் நிர்வாகம்

வயலைப் பலமுறை காயவிட்டுப் பாய்ச்சினால், மீதேன் ஏறத்தாழ 45 சதவீதம் குறையும் என்பது பன்னாட்டு அறிவியல் குழுவின் 2019-ஆம் ஆண்டுக் கணக்கீட்டு நெறிமுறை. துளையிட்ட குழாயை வயலில் பதித்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மீண்டும் பாய்ச்சலாம். ஆயினும், காய்தலும் நனைதலும் மாறிவரும் மண்ணில் நைட்ரஸ் ஆக்சைடு மிகக்கூடும். அது மீதேனைவிட வெப்பமூட்டும் ஆற்றல் மிக்கது. எனவே தழைச்சத்து உரத்தையும் அளவறிந்து இடவேண்டும்.

இம்முறை பரவுவதற்கு அறிவியல் மட்டும் போதாது. கால்வாயில் நீர் எப்போது வரும் என்று அறியாத உழவர் வயலைக் காயவிடத் துணியமாட்டார். பரப்பளவைக் கொண்டு தண்ணீர்த் தீர்வை வசூலிக்கப்படும் இடங்களில், நீரைச் சேமிப்பதால் அவருக்கு ஆதாயமும் இல்லை. உறுதியான முறைப்பாசனமும், சேமிப்புக்கேற்ற ஊக்கத்தொகையும் அமையுமாயின், நுண்ணுயிர்களின் நன்மையைப் பெருக்கித் தீமையைக் குறைப்பது உழவருக்கும் இயலும்.