வாளிக்குள் எட்டிப் பார்க்க முன்னம்

அன்புள்ள பிள்ளைக்கு,

உம்முடைய ரைஸ் ஏரிக் கட்டுரையை யாரோ வெட்டி எனக்கு அனுப்பியிருந்தார்கள். "இதுக்கு நீங்கள்தான் பதில் எழுதவேணும்" என்று மேலே ஒரு குறிப்பும் இருந்தது. தூண்டில் போடுகிற ஆள் தூண்டில் போடுகிற ஆளுக்கு எழுதுகிறபடியால், குஞ்சு மீனை ஏன் திரும்ப விடவேண்டும் என்ற பாடம் நமக்குள் வேண்டாம். அதில் நீரும் நானும் ஒரே பக்கம். என்னைக் குடைந்த விசயம் வேறு.

ரைஸ் ஏரியின் பியூட்லித் துறையில் வயதான ஒரு தமிழர் வெள்ளை வாளியோடு இருந்தார், வாளிக்குள் "சின்னச் சின்ன மீன்கள்" என்று தொடங்குகிறீர். மஞ்சளும் பச்சையுமான உடம்பில் கறுத்தப் பட்டைகள், அடிச் செட்டைகள் செம்மஞ்சள். வடிவான வர்ணனைதான். ஆனால், பிள்ளை, நீர் வர்ணித்திருப்பது பேர்ச். அந்த ஏரியில் பேர்ச்சுக்கு நீள எல்லையே கிடையாது. எண்ணிக்கைக்குத்தான் எல்லை. ஸ்போர்ட் லைசன்ஸ் வைத்திருக்கிற ஆள் ஐம்பது வரை வைத்திருக்கலாம். அடுத்த வரியில்தான் "இரண்டு பிக்கரலும் கிடந்தன" என்று போகிற போக்கில் சொல்கிறீர். வழக்கே அந்த இரண்டும்தான். மற்றதெல்லாம் அந்த ஐயாவின் நியாயமான பிடிபாடு. பிக்கரல் குஞ்சையும் பேர்ச்சையும் இருட்டுப்படுகிற நேரத்தில் மாறிப் பார்க்கிறவர்கள் உண்டு. வாலின் கீழ் நுனியைப் பார்த்தால் போதும், பிக்கரலுக்கு அங்கே வெள்ளை இருக்கும். வாயைத் திறந்தால் கோரைப்பல் இருக்கும், பேர்ச்சுக்கு அது இல்லை.

சரி, அந்த இரண்டு பிக்கரலும் எத்தனை செ.மீ.? கட்டுரை முழுக்கத் தேடினேன். ஓர் இடத்தில் "கையளவு" என்று இருக்கிறது. யாருடைய கை? உம்முடையதா, அந்த ஐயாவுடையதா? ரைஸ் ஏரி அடங்குகிற 17ஆம் மீன்பிடி வலயத்தில் பிக்கரலுக்கு எல்லை 35 முதல் 50 செ.மீ. வரை. 34 என்றால் விடவேண்டும், 36 என்றால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஒருவரைக் கள்ளன் என்று சொல்லப் போகிறவரிடம் முதலில் அளவுகோல் இருக்கவேண்டும். உம்மிடம் கமராதான் இருந்திருக்கிறது.

எப்படி அளப்பது என்பதும் பலருக்குத் தெரியாது. வாயை மூடி, வாலின் இரண்டு மடலையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரைக்கும் அளக்கவேண்டும். வாலின் நடுக்கவட்டோடு நிறுத்தினால் 36 செ.மீ. மீன் 34 ஆகிவிடும், நேர்மையான ஆளும் உம்முடைய கண்ணுக்குக் குற்றவாளி ஆகிவிடுவார். அளக்கிற பலகையை நனைத்துவிட்டுத்தான் மீனைக் கிடத்தவேண்டும். வறண்ட பலகையில் கிடத்தினால் தோலின் வழுவழுப்பு உரிந்துபோய், விடுகிற மீனும் பிழைப்பது கஷ்டம். என்னுடைய பெட்டி மூடியில் தையற்காரரின் அளவு நாடாவை ஒட்டி வார்னிஷ் அடித்து வைத்திருக்கிறேன். 35இல் ஒரு சிவப்புக் கோடு, 50இல் இன்னொன்று. துறையில் பக்கத்தில் இருக்கிறவர்கள் "அதென்ன கோடு?" என்று தாங்களாகவே கேட்பார்கள்.

அந்த இரண்டாவது கோட்டைப் பற்றி உம்முடைய கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. இது என்னுடைய பழைய கோபம், பொறுத்துக்கொள்ளும். குஞ்சுகளுக்காகக் கண்ணீர் விடுகிற ஆட்களே 60 செ.மீ. பிக்கரலைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துவிட்டு அதைக் குளிர்பெட்டிக்குள் போடுவதைக் கண்டிருக்கிறேன். அந்தப் பெரிசுகள் அநேகமாகப் பெட்டைகள். ஏப்ரலில் பனி உடைந்த கையோடு கல்லுத் திடல்களில் இலட்சக்கணக்கில் முட்டை போடுகிறவை அவை. ஊரில் களப்பில் பிடித்த கொடுவாவை நினைத்துப் பாரும். அது ஆணாக வளர்ந்து, பெருத்த பிறகு பெண்ணாக மாறுகிற மீன். பெரிய கொடுவாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறவர் தாயைத்தான் தூக்கிக்கொண்டு போகிறார். குஞ்சுக்காக ஒரு மனிசனை வழிமறித்து எழுதுகிறீர் என்றால், தாய்மீனுக்கும் ஒரு பந்தி ஒதுக்கியிருக்கவேண்டும். குஞ்சைக் கொல்வதற்கு எதிராக எல்லாருக்கும் கண்ணீர் வரும். வெற்றிக்கோப்பை மாதிரிக் கொண்டாடப்படுகிற பெரிய மீனை விடச் சொல்லித்தான் பாருமேன்!

இனி, உம்மில் எனக்கு உண்மையாகவே எரிச்சல் வந்த இடம். அவர் தொலைபேசியில் மகளோடு தமிழில் கதைத்துக்கொண்டிருந்தார் என்று நீரே எழுதியிருக்கிறீர். பிறகு நீர் போய் அவரிடம் ஆங்கிலத்தில், "எக்ஸ்கியூஸ் மீ, சேர்" என்று தொடங்கியிருக்கிறீர். ஏன்? துறையில் நாலு பேர் பார்க்கிறார்கள். வெள்ளைக்காரர் இருவர் திரும்பிப் பார்த்தார்கள் என்றும் நீர்தான் எழுதியிருக்கிறீர். அந்த ஆங்கிலம் அவருக்காகப் பேசியது போல எனக்குப் படவில்லை. அவர் "வீட்டில சொதிக்கு" என்று சொன்னதை வாசகர் சிரிக்கிற மாதிரி வெட்டிப் போட்டிருக்கிறீர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சொதிக்கு எந்த மீன் என்று உமக்குத் தெரியாமல் இருக்கலாம், நீர் இங்கே பிறந்த பிள்ளை. யாழ்ப்பாணத்தில் சொதிக்கும் கூழுக்கும் சின்ன மீன்தான் ருசி. சூடை, நெத்தலி, காரல், ஒட்டி. பண்ணைப் பாலத்தில் பின்னேரத்தில் தூண்டிலோடு நிற்கிற பெடியளின் பையைப் பார்த்தால் உள்ளங்கைக்கு மேற்பட்ட மீன் அபூர்வம். அதை ஒருவரும் களவு என்று நினைப்பதில்லை. நெத்தலியும் காரலும் அவ்வளவுதான் வளரும், அந்த அளவிலேயே அவை சினைவைத்த கிழடுகள். ஒடியல் கூழுக்குள் போடுகிற மீன் பெரிதாக இருந்தால் அம்மா திட்டுவார். அந்த வாயோடும் அந்தக் கையோடும் வந்த மனிசன் பிக்கரல் குஞ்சைக் கண்டால் கூழ் மீன் என்றுதான் நினைப்பார். அதை அவருக்குச் சொல்ல ஒரு வசனம் போதும்: "ஐயா, உது கொடுவாக் குஞ்சு மாதிரி, இன்னும் ஒருக்காலும் சினைப்படேல்லை."

குருநகரில் வலை இழுத்து வளர்ந்த ஒரு அண்ணை ஸ்காபரோவில் எனக்கு அயலவர். வந்த புதிதில் அவர் வாளியில் ஒரு சின்னப் பிக்கரல் கிடந்ததைக் கண்டு வழியால் போன ஒருவர் கத்தியிருக்கிறார். ஏசுகிறார் என்பது மட்டும்தான் அண்ணைக்கு விளங்கியது. வீட்டுக்கு வந்து குசினித் தொட்டியில் மீனை வெட்டும்போது நான் பக்கத்தில் நின்றேன். வயிற்றைக் கீறி, சினைப்பையை விரல் நுனியால் நிமிர்த்திப் பார்த்தார். நூல் மாதிரி மெல்லிசாக, கண்ணாடி நிறத்தில் கிடந்தது. கத்தியை வைத்துவிட்டார். "இது இன்னும் பிள்ளையடாப்பா. அந்த மனிசன் கத்தாமல் இதைச் சொல்லியிருக்கலாமே" என்றார். அதற்குப் பிறகு துறையில் மற்றவர்களுக்குச் சொல்லுகிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். என்னைவிடக் கடுமை. ஆனால் தொடக்கம் எப்போதும் "எந்த இடம்?" என்றுதான் இருக்கும். ஊர் கேட்டு, ஊரில் எந்தக் கடல் என்று கேட்டு, அங்கே என்ன மீன் படும் என்று கேட்டு, பிறகுதான் வாளிப் பக்கம் பார்வை போகும். அதற்குள் மற்றவர் தானாகவே வாளியைத் திருப்பிக் காட்டுவார்.

இன்னொன்றையும் நீர் அறிந்துதான் எழுதியிருக்கவேண்டும். 2007இல் சிம்கோ ஏரிப் பக்கத்திலும் ஒன்ராறியோவின் வேறு ஊர்களிலும் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஆசியர்களைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டார்கள், கல்லால் எறிந்தார்கள். அதற்கு ஒரு கேவலமான பெயரும் வைத்திருந்தார்கள். துரத்தப்பட்ட ஒரு கார் மரத்தில் மோதி இளைஞர் ஒருவருக்கு மூளையில் கடுமையான காயம். ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு விசாரித்து 2008இல் அறிக்கை வெளியிட்டது. அப்போது சிலர் சொன்ன சாக்கு என்ன தெரியுமா? "இவர்கள் சின்ன மீனையெல்லாம் அள்ளுகிறார்கள்." அந்தச் சாக்கு இன்னும் சாகவில்லை. தமிழ் முகமொன்று சின்ன மீன் வாளியோடு படத்தில் வந்தால் அதை யார் எதற்கு எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு கணமாவது யோசித்தீரா? குற்றத்தை மூடி மறைக்கச் சொல்லவில்லை. நம்மவர் என்பதால் விட்டுவிடச் சொல்லவும் இல்லை. நம்மவர் என்பதால்தான் காதோடு சொல்லலாம் என்கிறேன்.

தெரிந்துகொண்டே செய்கிறவர்கள் வேறு ரகம். இரண்டு குளிர்பெட்டி, ஒன்று கார் டிக்கிக்குள் மூடி. உரிமத்தைக் கேட்டால் முறைப்பு. அவர்களோடு வாய் கொடுக்காதேயும், அதுவும் தனிப் பெண்ணாக, இருட்டில். இடம், நேரம், கார் இலக்கம், என்ன மீன் என்பதைக் குறித்துக்கொண்டு மீன்பிடியைப் பார்க்கிற அமைச்சின் முறைப்பாட்டு இலக்கத்துக்கு அழையும். பெட்டியைத் திறந்து பார்க்கவும் பறிக்கவும் அதிகாரமுள்ள ஆட்களுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது. போகிற போக்கில் இதையும் சொல்லிவிடுகிறேன்: ரைஸ் ஏரியின் வடகரையில் ஹயவாதா முதற்குடி மக்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய உடன்படிக்கை மீன்பிடி உரிமையை 2018 இணக்கத்தில் அரசுகள் ஏற்றுக்கொண்டன. அவர்களிடம் போய் மீன்பிடிச் சட்டப் புத்தகத்தைக் காட்டி நியாயம் பேசினால் நீர்தான் தவறு.

இவ்வளவு ஏசியபிறகு இதைச் சொல்லாவிட்டால் நித்திரை வராது. பொழுதுபட்ட பிறகு பிக்கரல் கொத்துகிற அந்தப் பந்தி இருக்கிறதே, கயிறு இழுபடாமல், முனையில் ஒரு பாரம் மட்டும் கூடினது போல விரலுக்குத் தெரிகிறது என்று எழுதினீரே, அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இத்தனை காலம் தூண்டில் போட்ட நான் அந்தப் பாரத்தை ஒருநாளும் சொல்லாக்க முடிந்ததில்லை. தமிழில் தூண்டில் பற்றி இப்படி எழுத ஆள் வந்துவிட்டது என்று மனுசியிடம் சொன்னேன். அவ, "பிறகேன் ஏசி எழுதுறியள்?" என்றா.

கட்டுரைத் தொகுப்பு வரப்போவதாகக் கேள்வி. ரைஸ் ஏரிக் கட்டுரையைக் கட்டாயம் போடும். பேர்ச்சைப் பேர்ச் என்று திருத்தும், "கையளவு" என்பதை எடுத்துவிடும், அந்த ஐயாவின் படத்தைப் போடவே வேண்டாம், கையும் ஜக்கெட்டும் தெரிந்தாலே ஸ்காபரோவில் ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள். மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை பிக்கரல் திறக்கிறது. அன்று விடிய நான் பியூட்லியில்தான் நிற்பேன். வருவதென்றால் உம்முடைய அளவுகோலை நீரே கொண்டுவாரும், என்னுடையதை நான் ஒருவருக்கும் இரவல் கொடுப்பதில்லை.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு கிழவன்