ஆறாத புண்ணும் ஆக்சிஜன் அறையும்



"சர்க்கரையால வந்த கால் புண்ணு ஆறவே இல்ல. ஆக்சிஜன் அறையில வச்சா ஆறிடுமாமே, குழுவுல கடன் கிடைக்குமா?" என்று வரதராஜன்பேட்டைக் கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார். கடனுக்கு முன் விவரம் தெரிந்துகொள்வோம்.

மூடிய அறைக்குள், வெளிக்காற்றைப்போல் 2 முதல் 3 மடங்கு அழுத்தத்தில் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பார்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் கூடுதலாகக் கரைந்து புண்ணுக்குப் போகும்.

எதற்குத் தருகிறார்கள்?

* கடலில் மூழ்கி வேகமாக மேலே வருவோருக்கு வரும் அழுத்த நோய்
* கரிப்புகை, ஜெனரேட்டர் புகை நச்சு
* சிலவகைத் தசை அழுகல்
* கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பின் வரும் புண்
* சில சர்க்கரைப் புண்கள்

"சில" என்பதைக் கவனியுங்கள். இது ஒரே நாளில் முடியாது. 20, 30 தடவைகூடப் போகவேண்டி வரும். சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல், புண்ணைச் சுத்தம் செய்யாமல், அறை மட்டும் காலைக் காப்பாற்றாது.

எனவே முதலில் ஆரம்ப சுகாதார நிலையம், அடுத்து அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்குள்ள மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே ஆக்சிஜன் அறை.

முந்திரிக்காட்டுக்குச் செருப்பில்லாமல் போகாதீங்க. தினமும் படுக்கும் முன் பாதத்தைப் பாருங்க. புண் கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே மருத்துவமனை போங்க. அடுத்த கூட்டத்தில் இதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.