குடியானவர் வீட்டுக்கு ஏற்ற வட்ட ரம்பம்

சோழவந்தான் வட்டாரத்தில் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் உடைய குடியானவர்களுக்குத் தொழுவத்தின் தடுப்பு, கூரைச் சட்டம், கதவுப் பலகை முதலியவற்றை அறுக்கும் வேலை வருஷத்தில் சில நாட்களே நேரிடும். அதற்கு விலையுயர்ந்த யந்திரம் வேண்டுவதில்லை. ஆயினும், மலிவை நாடி விரலை இழத்தல் சிக்கனம் ஆகாது.

4 அங்குல வட்டுடைய கல்லறுக்கும் யந்திரம் விலை குறைந்தது. ஆனால் அதன் வெட்டு ஏறக்குறைய 1¼ அங்குல ஆழமே செல்லும். வட்டின் அடிப்பாகத்திற்குப் பெரும்பாலும் மூடியும் இராது. 7¼ அங்குல வட்டுடைய மர ரம்பமோ சுமார் 2½ அங்குலக் கனமுள்ள சட்டத்தை ஒரே முறையில் அறுக்கும். சுமார் 1,200 வாட் சக்தி வீட்டு வேலைக்குப் போதுமானது.

வாங்குமுன் கடையிலேயே கீழ்மூடியைத் தூக்கி விட்டுப் பார்க்கவேண்டும். அது உடனே தானாக மூடிக்கொள்ளாவிடில், அந்த யந்திரம் எவ்வளவு மலிவாயினும் தள்ளத்தக்கது. ஆங்கிள் கிரைண்டரில் பல்வட்டைப் பொருத்தி மரம் அறுப்பது மிக்க அபாயகரமானது. வட்டு மரத்தில் சிக்கினால் யந்திரம் கையை மீறி உதைக்கும்.

முதிர்ந்த தென்னையின் வெளிப்புறம் கடினமாதலால் சாதாரண எஃகுப் பற்கள் விரைவில் மழுங்கும். கார்பைடு முனையுடைய 24 பல் வட்டு சட்டத்திற்கும், 40 பல் வட்டு ஒட்டுப்பலகைக்கும் ஏற்றவை. பழைய மரமாயின் ஆணிகளை முதலில் களைக. வட்டு மரத்திற்கு அடியில் கால் அங்குலத்திற்கு மேல் நீளாதபடி ஆழத்தை அமைத்துக்கொள்க. வட்டை மாற்றுமுன் மின்செருகியைக் கழற்றிவிடவேண்டும்.

வேலை மிகக் குறைவாயின், அயலார் இருவர் மூவர் கூடி ஒன்றை வாங்கிக்கொள்வது நலம்.