டென்ட்டில் பூத்த பூஞ்சையும் தவறான வைத்தியங்களும்

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறந்ததிலிருந்து, ஊரப்பாக்கத்துப் பிள்ளைகள் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் கிளம்புவது எளிதாகிவிட்டது. பையில் டென்ட்டும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை முழுக்கப் பரணில் கிடந்த அதைப் பொங்கல் லீவுக்கு எடுத்துப் பிரித்தால், குப்பென்று ஒரு வாடை. தையல் ஓரமெல்லாம் மிளகுப் பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகள். அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அதில் பாதி, பூஞ்சையை விட டென்ட்டுக்குக் கேடு.

“பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தால் போய்விடும்” என்பது முதலாவது. இந்த நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. 2015 வெள்ளம் வடிந்த பிறகு முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளைக் கழுவிச் சுத்தம் செய்ய அதுதான் கைகொடுத்தது. ஆனால் சிமென்ட் தரை வேறு, டென்ட் துணி வேறு. குளோரின் பட்டால் நைலான் இழை வலுவிழக்கும், சாயம் வெளுக்கும், தண்ணீர் புகாமல் காக்கும் உட்பூச்சும் கெடும். அதன்மேல் வினிகரையும் சேர்த்து ஊற்றுவது இன்னும் ஆபத்து: இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே உலை வைக்கும்.

“நாலு நாள் மொட்டை மாடி வெயிலில் கிடந்தால் சரியாகிவிடும்” என்பது அடுத்தது. வெயில் ஈரத்தை உறிஞ்சும், மேலே இருக்கும் பூஞ்சையில் ஒரு பகுதி சாகவும் செய்யும். ஆனால் செத்த பூஞ்சையும் தும்மலையும் இளைப்பையும் கிளப்பக்கூடியது. அது துணியிலேயேதான் இருக்கும். புற ஊதாக் கதிரோ நாளடைவில் நைலானையும் பாலியஸ்டரையும் நைந்துபோகச் செய்யும். காற்றோட்டமான நிழல்தான் டென்ட் காயச் சரியான இடம்.

“பாலியஸ்டர் பிளாஸ்டிக்தானே, அதைப் பூஞ்சை என்ன செய்யும்?” இழையை அது சாப்பிடுவதில்லை, உண்மைதான். ஆனால் அதில் ஒட்டிய வியர்வை, சேறு, இலைத்தூள், சிந்திய சாம்பார் எல்லாம் அதற்குச் சாப்பாடு. பருத்தியாக இருந்தால் துணியையே தின்றுவிடும். இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்கள் மளமளவென்று மக்கிப்போயின. சாலமன் தீவுகளில் கிடந்த கான்வாஸிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பூஞ்சை, பருத்தியைக் கரைக்கும் நொதியை ஏராளமாகச் சுரப்பது தெரியவந்தது. அதை ஆராய்ந்த எல்வின் ரீஸின் நினைவாக அதற்கு டிரைக்கோடெர்மா ரீசி என்று பெயர். திருப்பூரில் பனியன் துணியை மென்மையாக்கும் பயோவாஷுக்கு இன்று பயன்படும் செல்லுலேஸ் நொதி, இந்த வகைப் பூஞ்சையிலிருந்தும் தயாராகிறது. அங்கே அளவோடு விடுவதால் லாபம். பரணில் அதற்கு அளவு சொல்ல ஆள் இல்லை.

வாஷிங் மெஷின் வேண்டாம். தையல் பிரியும், உட்பூச்சு உரியும். அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சைக்கு அல்ல.

செய்ய வேண்டியது இதுதான். மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க் போட்டு, காய்ந்த பூஞ்சையை வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, முதலில் மறைவான மூலையில் தொட்டுப் பாருங்கள். சாயம் போகாவிட்டால் ஸ்பாஞ்சால் ஒற்றி அரைமணி நேரம் விடுங்கள். பிறகு காரமில்லாத சோப்புத் தண்ணீர், கடைசியில் நிறைய நல்ல தண்ணீர். இழைக்குள் ஏறிய கறை போகாது. அதைத் தேய்த்துத் தேய்த்து உட்பூச்சை இழக்காதீர்கள். உட்புறம் பிசுபிசுவென்று ஒட்டி, வாந்தி நாற்றம் அடித்தால் அது பூஞ்சை அல்ல, பாலியூரித்தேன் பூச்சே சிதைந்துவிட்டது. எந்தக் கழுவலும் அதை மீட்காது.

ஈரத்துணியில் பூஞ்சை பிடிக்க ஒன்றிரண்டு நாள் போதும். மழைக்காலத்தில் நம் பகுதியில் காலை நேரக் காற்றின் ஈரப்பதமே 80 சதவீதத்தைத் தாண்டுகிறது. மலையிலிருந்து இறங்கிய அன்றே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், டென்ட்டை ஹாலில் ஃபேனுக்குக் கீழே விரித்துவிடுங்கள். தையல் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, நன்றாகக் காய்ந்த பிறகே பருத்திப் பையில் தளர்வாக மடித்து வையுங்கள்.